குளிர்சாதனம் குளிராதபோது: வெப்பத்தின் வழியை ஆராய்தல்

கோடை முதிர்ந்து இரவிலும் புழுக்கம் தணியாத நாட்களில், வீட்டுக் குளிர்சாதனம் இடைவிடாது ஓடியும் அறை குளிராமற் போவது பல ஊர்களிலும் கேட்கப்படும் முறையீடாகும். அவ்வேளையில் முதலில் எழும் கூற்று, "உள்ளே கேஸ் தீர்ந்துவிட்டது" என்பதே. கேஸ் ஏற்றப்படுகிறது, சில நாட்களுக்கு அறை குளிர்கிறது, அடுத்த கோடையில் அதே முறையீடு மீண்டும் எழுகிறது. சில வீடுகளில் இஃது ஆண்டுதோறும் நிகழும் சடங்காகவே ஆகிவிட்டது.

குளிர்சாதனத்தினுள் இருக்கும் வாயு, விளக்கின் எண்ணெயைப் போலவோ மோட்டார் வண்டியின் பெட்ரோலைப் போலவோ செலவாகித் தீரும் பொருளன்று. மூடிய குழாய்களுக்குள் அது திரும்பத் திரும்பச் சுற்றி வருகிறது. குழாயில் கசிவு ஏற்படாதவரை, 10 ஆண்டுகள் ஓடிய பின்னரும் அதன் அளவு குறைவதில்லை. எனவே வாயு குறைந்திருப்பது உண்மையெனில் எங்கோ கசிவு இருத்தல் வேண்டும். கசிவு இல்லையெனில் குறை வேறிடத்தில் உள்ளது. இந்த ஒரு கருத்து நன்கு விளங்கிவிட்டால், வீண் செலவும் மின்சார நஷ்டமும் சில வேளைகளில் உயிரபாயமும் தவிர்க்கப்படும். கடும் வெப்ப அலை வீசும் நாட்களில் முதியோரும் குழந்தைகளும் நோயாளிகளும் உள்ள வீட்டில், குறையை விரைவாகவும் சரியாகவும் கண்டறிதல் வசதியைப் பற்றிய காரியம் மட்டுமன்று, உடல்நலத்தைப் பற்றியதுமாகும்.

குளிர் உண்டாக்கப்படுவதில்லை

குளிர்சாதனம் குளிரை உற்பத்தி செய்கிறது என்று எண்ணுவது வழக்கம். உண்மையில் அது அறையிலுள்ள வெப்பத்தை எடுத்து வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறது. கிணற்றிலிருந்து நீரை இறைத்து மேலே கொணரும் ஏற்றத்தைப் போல, தாழ்ந்த உஷ்ணநிலையில் உள்ள அறையிலிருந்து உயர்ந்த உஷ்ணநிலையில் உள்ள வெளிக்காற்றுக்கு வெப்பத்தை ஏற்றிவிடும் கருவி இது.

இவ்வேலை நான்கு உறுப்புகளால் நடைபெறுகிறது. அறையினுள் இருக்கும் உட்சுருளில், குளிர்பதன திரவம் தாழ்ந்த அழுத்தத்தில் கொதித்து ஆவியாகிறது. ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தை அது அறைக்காற்றிலிருந்து கவர்ந்துகொள்ளுகிறது. அந்த ஆவியைக் கம்ப்ரெஸர் உறிஞ்சி அமுக்குகிறது. அமுக்கப்பட்ட ஆவி மிகவும் சூடேறுகிறது. வெளிப்பெட்டியிலுள்ள வெளிச்சுருளில் அது தன் வெப்பத்தை வெளிக்காற்றுக்குக் கொடுத்துவிட்டு மீண்டும் திரவமாகிறது. பின்னர் ஒரு நுண்குழாய் அல்லது விரிவு வால்வின் வழியே நுழைந்து, அழுத்தம் தாழ்ந்து, குளிர்ந்து, மறுபடி உட்சுருளை அடைகிறது.

சாதாரணக் காற்றழுத்தத்தில் ஆர்-22 எனப்படும் பழைய குளிர்பதனப் பொருள் ஏறத்தாழ சைபருக்குக் கீழ் 41 டிகிரி சென்டிகிரேடிலும், இன்றைய ஆர்-32 ஏறத்தாழ சைபருக்குக் கீழ் 52 டிகிரியிலும் கொதிக்கின்றன. அழுத்தத்தை மாற்றினால் கொதிநிலையும் மாறும். இவ்வுண்மையே குளிர்பதனக் கலை முழுவதற்கும் அடிப்படை. 1902-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் புரூக்ளின் நகரிலிருந்த ஓர் அச்சகத்தில், ஈரப்பதத்தால் காகிதம் சுருங்கியும் விரிந்தும் வண்ணங்கள் பிசகியதைத் தடுக்க வில்லிஸ் காரியர் அமைத்த சாதனமே நவீன குளிர்சாதனத்தின் தொடக்கமாகக் கருதப்படுகிறது. காற்றின் வெப்பத்தோடு ஈரத்தையும் நீக்குவது அன்று முதலே இக்கருவியின் கடமையாக இருந்து வருகிறது.

குளிர்சாதனத்தின் திறன் "டன்" என்னும் அளவால் குறிக்கப்படுகிறது. இது கருவியின் எடையைக் குறிப்பதன்று. ஏறத்தாழ 907 கிலோகிராம் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகுவதற்கு வேண்டிய வெப்பத்தைக் கவரும் வேகமே ஒரு டன். பனிக்கட்டி கிலோவுக்கு 334 கிலோஜூல் வெப்பத்தை ஏற்பதால், கணக்கிட்டுப் பார்க்கின் இது ஏறத்தாழ 3.5 கிலோவாட் ஆகும். ஒன்றரை டன் கருவி நிறைதிறனில் ஓடும்போது, அறையிலிருந்து நொடிக்கு 5 கிலோஜூலுக்குச் சற்று அதிகமான வெப்பத்தை வெளியேற்றுகிறது.

இவ்வளவு வெப்பமும் ஒரு தொடர்ந்த பாதையில் செல்லுகிறது: அறைக்காற்றிலிருந்து உட்சுருளுக்கும், அங்கிருந்து குளிர்பதனப் பொருளுக்கும், அதிலிருந்து வெளிச்சுருளுக்கும், இறுதியாக வெளிக்காற்றுக்கும். இப்பாதையில் எவ்விடத்தில் அடைப்பு நேர்ந்தாலும் அறையில் தோன்றும் விளைவு ஒன்றே. அதனால்தான் "குளிரவில்லை" என்னும் ஒரே முறையீட்டிற்குப் பல காரணங்கள் இருக்கின்றன. பாதையின் ஒரு முனையிலிருந்து தொடங்கி முறையாக ஆராய்வதே குறை காணும் வழி.

முதற்படி: அளந்து பார்த்தல்

கையை நீட்டிக் காற்று குளிர்கிறதா என்று பார்ப்பது நம்பத்தக்க சோதனையன்று. வெயிலிலிருந்து வந்தவருக்கு 25 டிகிரிக் காற்றும் குளிர்ச்சியாகவே தோன்றும். பள்ளிச் சோதனைச்சாலையிலுள்ள இரண்டு சாதாரண உஷ்ணமானிகள் இதற்குப் போதுமானவை. முதலில் இரண்டையும் ஒரே குவளை நீரில் சில நிமிஷங்கள் வைத்து, அவை ஒரே அளவைக் காட்டுகின்றனவா என்று பார்த்தல் வேண்டும். வேறுபாடு இருப்பின் அதைக் குறித்துக்கொண்டு கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

பின்னர் குளிர்சாதனத்தை மிகக் குறைந்த உஷ்ணநிலையிலும் மிகுந்த விசிறி வேகத்திலும் அமைத்து, கதவு ஜன்னல்களை மூடி, 15 நிமிஷங்கள் ஓடவிட வேண்டும். கருவிக்குள் காற்று நுழையும் மேற்பக்கத்தில் ஓர் உஷ்ணமானியையும், குளிர்ந்த காற்று வெளிவரும் வாயில் மற்றொன்றையும் பிடித்துப் பார்த்தால், இரண்டிற்கும் இடையே பொதுவாக 8 முதல் 12 டிகிரி வரை வேறுபாடு காணப்படும். உஷ்ணமானியைச் சுழலும் உருளைக்குள் நுழைத்துவிடாதபடி கவனமாக இருத்தல் அவசியம்.

வேறுபாடு 8 டிகிரிக்கு மேல் இருந்து, காற்றும் தாராளமாக வீசினால் கருவி பெரும்பாலும் செம்மையாகவே உள்ளது. குறை அறையில் உள்ளது. வேறுபாடு மிகுதியாக இருந்து காற்றின் வேகம் மெலிந்திருந்தால் காற்றின் வழி அடைபட்டுள்ளது. வேறுபாடு 4 அல்லது 5 டிகிரிக்குள் இருந்தால், வெளிப்பெட்டியையும் மின்சாரத்தையும் குளிர்பதனச் சுற்றையும் ஆராய வேண்டும்.

இவ்வளவைப் பொருள்கொள்ளுகையில் அந்தந்த ஊரின் ஈரப்பதத்தை மறத்தலாகாது. சென்னை, மும்பை, கல்கத்தா முதலிய கடலை அடுத்த நகரங்களில் கருவியின் உழைப்பில் ஒரு பெரும்பகுதி காற்றிலுள்ள நீராவியை நீராக்குவதில் செலவாகிறது. ஒரு லிட்டர் நீர் இவ்வாறு சேரும்போது ஏறத்தாழ 2,450 கிலோஜூல் வெப்பம் வெளிப்பட்டுக் கருவியால் கவரப்படுகிறது. மணிக்கு ஒரு லிட்டர் வீதம் நீர் வடிந்தால், சுமார் 0.7 கிலோவாட், அதாவது ஒரு டன் திறனில் ஐந்தில் ஒரு பங்கு, அதற்கே செலவாகிறது என்பது பொருள். எனவே அங்கு உஷ்ணநிலை வேறுபாடு சற்றுக் குறைந்திருப்பது குறையாகாது. வடிகுழாயின் கீழே ஒரு வாளியை வைத்து ஒரு மணி நேரத்தில் சேரும் நீரை அளந்தால், உட்சுருள் உழைக்கிறது என்பதற்கு அதுவே சான்றாகும். ராஜஸ்தானத்திலும் டில்லியிலும் மே மாதத்து வறண்ட காற்றில் வாளி ஏறத்தாழ வெறுமையாகவே இருப்பினும் அச்சம் கொள்ள வேண்டுவதில்லை. அங்கு வடியத்தக்க ஈரமே காற்றில் குறைவு.

உட்பெட்டி: காற்றின் வழி

ஆராய்ச்சியை உட்பெட்டியின் வடிகட்டி வலையிலிருந்து தொடங்குதல் நலம். ஒரு டன் திறனுக்கு மணிக்கு ஏறத்தாழ 680 கனமீட்டர் காற்று உட்சுருளின்மீது பாய வேண்டும். வலையில் தூசியும் பஞ்சும் படிந்துவிட்டால் இவ்வளவு காற்று செல்ல இயலாது. தூசி மிகுந்த இடங்களில் இரண்டு வாரங்களுக்கு ஒருமுறையும், மற்ற இடங்களில் மாதத்திற்கு ஒருமுறையும் வலையைக் கழற்றி வெறும் நீரில் கழுவி, நிழலில் உலர்த்திப் பொருத்துதல் போதுமானது. இதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை. எவரையும் அழைக்க வேண்டுவதுமில்லை.

வலையைக் கடந்து சென்ற நுண்ணிய தூசி உட்சுருளின் அலுமினியத் தகடுகளிலும், காற்றைத் தள்ளும் உருளையின் இறகுகளிலும் படிகிறது. எப்போதும் ஈரமாக இருக்கும் இவ்விடத்தில் அது சேறாகிப் பூஞ்சையும் பற்றிக்கொள்ளுகிறது. வீட்டார் வலையைத் தவறாது கழுவியும் காற்று மெலிந்தே வருமாயின், உருளையைக் கைவிளக்கின் ஒளியில் பார்த்தல் வேண்டும். உருளையின் இறகுகளுக்கிடையே கரிய படலம் நிறைந்திருப்பின், கருவியைப் பகுதியாகக் கழற்றிக் கழுவுவதே பரிகாரம்.

உட்சுருளில் உறைபனி படிதல் பலரையும் குழப்பும் அறிகுறி. "பனி உறைகிறதே, பிறகு குளிர் ஏன் இல்லை?" என்று கேட்கப்படுவதுண்டு. பனிப்படலம் காற்றின் வழியை அடைத்துவிடுவதோடு, வெப்பம் கடத்தாத போர்வையாகவும் அமைகிறது. இப்பனி இரண்டு காரணங்களால் தோன்றும். காற்றோட்டம் குறைந்தால், கொதிக்கும் திரவத்திற்குப் போதிய வெப்பம் கிட்டாமல் சுருள் முழுவதும் சைபர் டிகிரிக்குக் கீழே இறங்கும்; பனி சுருளெங்கும் பரவி, தடித்த குழாய் வரையிலும் செல்லும். குளிர்பதன வாயு குறைந்தாலோ, அழுத்தம் மிகத் தாழ்ந்து, திரவம் நுழையும் முதற் சில வளைவுகளில் மட்டும் பனி படியும். எஞ்சிய சுருள் வெதுவெதுப்பாகவே இருக்கும். பனி எங்கே படிந்துள்ளது என்பதைக் கவனித்தாலே இவ்விரண்டையும் பிரித்தறியலாம். பனி கண்டால் கம்ப்ரெஸரை நிறுத்தி, விசிறியை மட்டும் ஓடவிட்டு, முழுவதும் உருகிய பின்னரே சோதனையைத் தொடர வேண்டும். கத்தியால் சுரண்டுதல் கூடவே கூடாது. மெல்லிய குழாய் துளைபட்டுவிடும்.

வெளிப்பெட்டி: வெப்பத்தின் வாயில்

அறையில் கவரப்பட்ட வெப்பம் முழுவதும், கம்ப்ரெஸர் உட்கொண்ட மின்சாரத்தின் வெப்பமும் சேர்ந்து, வெளிப்பெட்டியின் வழியாகவே வெளியேற வேண்டும். அறையில் உள்ளவர் கண்ணில் படாத இப்பெட்டிதான் பெரும்பாலும் கவனிப்பாரற்றுக் கிடக்கிறது. புழுதி, உலர்ந்த இலை, புறாக்கூடு, பழைய சாக்கு ஆகியவை வெளிச்சுருளின் பின்புறத்தை மூடியிருக்கக் காணலாம். சுருளைத் தாழ்ந்த வேகமுள்ள நீரால், தகடுகள் வளையாதபடி அவற்றின் போக்கிலேயே கழுவுதல் வேண்டும். கழுவுமுன் மின்சாரத்தைச் சுவரிலுள்ள முதன்மை ஸ்விட்சில் நிறுத்துதல் கட்டாயம். ரிமோட்டால் நிறுத்தினால் போதாது.

பெட்டி வைக்கப்பட்டுள்ள இடமும் சமமாக முக்கியமானது. அடுக்குமாடிக் கட்டடங்களில் குறுகிய காற்றுக் குழியொன்றில் பல வெளிப்பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தப்பட்டால், கீழ்ப்பெட்டி வெளியிட்ட சூடான காற்றையே மேற்பெட்டி உறிஞ்சுகிறது. அழகுக்காகச் சுற்றிலும் அடைக்கப்பட்ட பலகையும், பெட்டியின் முகத்திற்கு எதிரே ஒரு முழ தூரத்தில் எழுப்பப்பட்ட சுவரும் இதே தீமையைச் செய்கின்றன. வெளிச்சுருளின் உஷ்ணநிலை ஒவ்வொரு டிகிரி உயரும்போதும் மின்சாரச் செலவு ஏறத்தாழ 2 முதல் 3 சதவிகிதம் கூடுகிறது. கருவியின் குளிர்த்திறனும் குறைகிறது. மேலும் உயர்ந்தால் பாதுகாப்புச் சாதனம் கம்ப்ரெஸரை நிறுத்திவிடும். "காலையில் நன்றாகக் குளிர்கிறது, பிற்பகல் 3 மணிக்கு நின்றுவிடுகிறது" என்று வீட்டார் கூறினால் முதலில் வெளிப்பெட்டியைப் பார்த்தல் வேண்டும்.

இயற்கையின் எல்லையும் இங்கு உண்டு. இந்தியத் தர நிர்ணயத்தின்படி, கருவியின் திறன் வெளிக்காற்று 35 டிகிரியாகவும் அறைக்காற்று 27 டிகிரியாகவும் இருக்கும்போது அளக்கப்படுகிறது. 2016-ஆம் ஆண்டு மே 19-ஆம் தேதி ராஜஸ்தானத்தின் பலோடியில் 51 டிகிரி உஷ்ணநிலை பதிவாயிற்று. அத்தகைய நாளில் எந்தக் கருவியும் தன் முகப்பில் எழுதப்பட்ட முழுத் திறனைத் தர இயலாது. அதைக் கருவியின் பழுதாகக் கருதிக் கேஸ் ஏற்றுவது பயனற்றது.

மின்சாரக் குறைகள்

உட்பெட்டியின் விசிறி சுழன்று வெறுங்காற்று மட்டும் வருமாயின், கம்ப்ரெஸர் ஓடுகிறதா என்று அறிதல் வேண்டும். வெளிப்பெட்டியின் அருகில் நின்று செவிகொடுத்துக் கேட்டாலே இது விளங்கும். வெளி விசிறி சுழன்றும், கம்ப்ரெஸர் சில நொடிகள் முனகிவிட்டு அடங்குமாயின், அதனைத் தொடக்கிவைக்கும் கெபாசிட்டர் பழுதடைந்திருத்தல் கூடும். இது சிறிய உறுப்பு; விலையும் அதிகமன்று. எனினும் மின்சாரம் நிறுத்தப்பட்ட பின்னரும் கெபாசிட்டர் தன்னுள் மின்னேற்றத்தைத் தேக்கிவைத்திருக்கும். பயிற்சி பெறாதவர் அதனைத் தொடுதல் ஆபத்து.

தாழ்ந்த மின்னழுத்தம் மற்றொரு காரணம். வீட்டு மின்சாரம் 230 வோல்ட் அளவில் இருத்தல் வேண்டும். மாலை வேளையில் பல வீடுகளில் ஒரே சமயம் கருவிகள் ஓடும்போது மின்னழுத்தம் மிகவும் தாழ்ந்தால், நிலையான வேகமுள்ள கம்ப்ரெஸர் தொடங்கவே இயலாமல் திணறும். கம்ப்ரெஸரை நிறுத்தியவுடன் மீண்டும் தொடக்குவதும் கேடு விளைவிக்கும். குழாய்களில் அழுத்தம் சமனாவதற்கு 3 நிமிஷ இடைவெளி வேண்டும். ஸ்டெபிலைசரிலும் கருவியிலும் இத்தாமதம் அமைக்கப்பட்டிருப்பதால், மின்சாரம் வந்தபின் சிறிது நேரம் காற்று குளிராதிருப்பது இயல்பே.

எளிய காரியம் ஒன்றையும் விட்டுவிடலாகாது. ரிமோட்டில் விசிறி அல்லது ஈரநீக்க நிலை தெரிவு செய்யப்பட்டிருத்தல், நேரக் கட்டுப்பாடு அமைந்திருத்தல், குறித்த உஷ்ணநிலை அறையின் உஷ்ணநிலையைவிட உயர்ந்திருத்தல் ஆகியவற்றால் பழுதே இல்லாத கருவிகளும் பழுதென்று கருதப்படுகின்றன. 2020-ஆம் ஆண்டு ஜனவரி முதல், நட்சத்திரச் சின்னம் பெற்ற அறைக் குளிர்சாதனங்கள் 24 டிகிரியைத் தொடக்க நிலையாகக் கொண்டு அமைக்கப்பட வேண்டும் என்று விதிக்கப்பட்டுள்ளது. நிலையான வேகமுள்ள கருவியில் 16 டிகிரி என்று குறித்தால் அறை விரைவில் குளிர்ந்துவிடும் என்பது தவறான நம்பிக்கை. அது அதே வேகத்தில் குளிர்ந்து, நிற்காமல் ஓடிக்கொண்டேயிருக்கும்.

வாயுக் குறைவும் கசிவும்

காற்றின் வழி, வெளிப்பெட்டி, மின்சாரம் ஆகிய மூன்றும் செம்மையாக இருந்தும் உஷ்ணநிலை வேறுபாடு குறைவாகவே இருப்பின், அப்போதுதான் வாயுவை ஐயுறுதல் முறை. அதற்குரிய அறிகுறிகள் பின்வருமாறு: தடித்த குழாய் குளிர்ந்து வியர்ப்பதற்கு மாறாக வெதுவெதுப்பாக இருத்தல், மெல்லிய குழாயின் வால்வில் பனி படிதல், உட்சுருளின் தொடக்கத்தில் மட்டும் பனி, இணைப்புகளைச் சுற்றி எண்ணெய்க் கறை. குளிர்பதனப் பொருளுடன் கம்ப்ரெஸரின் எண்ணெயும் சிறிது சுற்றி வருவதால், கசிவுள்ள இடத்தில் எண்ணெய் கசிந்து தூசியைப் பற்றிக்கொள்ளுகிறது. கறை காணுமிடத்தில் சோப்புக் கரைசலைத் தடவினால் குமிழ்கள் எழும்.

கசிவு பெரும்பாலும் குழாய்களை இணைக்கும் பிளேர் நட்டுகளிலும், வால்வுகளிலும், சுருளின் பற்றவைத்த வளைவுகளிலும் தோன்றும். செம்பு உறுதியான உலோகமாயினும் சில வேதிப் பொருள்களுக்கு ஈடுகொடுக்க இயலாதது. சாக்கடையிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு செம்பைக் கருக்கச் செய்து அரிக்கிறது. மரப்பலகைப் பசை, வர்ணம், சுத்திகரிப்புத் திரவங்கள் ஆகியவற்றிலிருந்து தோன்றும் பார்மிக், அசிட்டிக் அமிலங்கள் ஈரத்தோடு சேர்ந்து, எறும்புப் புற்றைப் போன்ற நுண்ணிய சுரங்கங்களைச் செம்புக் குழாயில் தோண்டுகின்றன. கடலோரத்தில் உப்புக்காற்று அலுமினியத் தகடுகளை உதிரச் செய்கிறது. ஒரே வீட்டில் மீண்டும் மீண்டும் சுருள் துளைபடுமாயின், சுற்றுச் சூழலையும் ஆராய்தல் வேண்டும்.

கசிவை அடைக்காமல் கேஸ் ஏற்றுவது, துளையுள்ள குடத்தில் நீர் வார்ப்பதற்கு ஒப்பாகும். முறையான வேலை நான்கு படிகளைக் கொண்டது. முதலாவது, எஞ்சிய வாயுவைத் திறந்துவிடாமல் கலத்தில் மீட்டுக்கொள்ளுதல். இரண்டாவது, கசிவைக் கண்டு அடைத்து, உலர்ந்த நைட்ரஜனை அழுத்தத்தில் நிரப்பிச் சோதித்தல். மூன்றாவது, வெற்றிடப் பம்பினால் குழாய்களிலுள்ள காற்றையும் ஈரத்தையும் முற்றிலும் அகற்றுதல். நான்காவது, கருவியின் தகட்டில் குறிக்கப்பட்டுள்ள அளவுப்படி வாயுவைத் தராசில் எடையிட்டு ஏற்றுதல்.

மூன்றாவது படியே மிகுதியும் கைவிடப்படுகிறது. குழாயினுள் தங்கிய காற்று வெளிச்சுருளில் திரவமாவதில்லை. இடத்தை அடைத்துக்கொண்டு அழுத்தத்தை உயர்த்துகிறது. தங்கிய ஈரம் நுண்குழாயின் வாயில் பனிக்கட்டியாகி அடைக்கிறது. எண்ணெயுடன் சேர்ந்து அமிலமாகிக் கம்ப்ரெஸரின் மின்சுற்றை அரிக்கிறது. அளவுக்கு மிஞ்சி ஏற்றப்பட்ட வாயுவும் அழுத்தத்தைக் கூட்டிக் குளிரைக் குறைக்கவே செய்யும். ஆகவே "சற்று அதிகமாகவே ஏற்றிவிடுங்கள்" என்று வேண்டுதல் நன்மை தராது.

கசிந்த வாயு எங்கே செல்லுகிறது?

கசியும் வாயு மறைந்துபோவதில்லை, வானில் கலக்கிறது. ஆர்-22 வானின் மேலடுக்கிலுள்ள ஓசோன் படலத்தைச் சிதைப்பது. 1987-ஆம் ஆண்டில் ஏற்பட்ட மான்ட்ரீல் உடன்படிக்கையின் வழியே, இவ்வகைப் பொருள்களை இந்தியா போன்ற நாடுகள் 2030-ஆம் ஆண்டுக்குள் ஏறக்குறைய முற்றிலும் விலக்க வேண்டும். பழைய கருவிகளின் பராமரிப்புக்காக மிகச் சிறிய அளவு மட்டும் 2040 வரை அனுமதிக்கப்படுகிறது. ஆர்-32 ஓசோனைச் சிதைப்பதில்லை. ஆயினும் 100 ஆண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 700 மடங்கு பூமியைச் சூடேற்றும் ஆற்றல் உள்ளது. ஆர்-22 ஏறத்தாழ 1,800 மடங்கும், ஆர்-410ஏ ஏறத்தாழ 2,100 மடங்கும் ஆற்றலுள்ளவை. இவற்றில் ஓசோனுக்குத் தீங்கற்ற பின்தலைமுறைப் பொருள்களையும் படிப்படியாகக் குறைக்க 2016-ஆம் ஆண்டில் கிகாலி திருத்தம் உருவாயிற்று. இந்தியா அதனை 2021-ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டது.

ஒரு கணக்கு இதன் பொருளை விளக்கும். நம் நாட்டில் ஒரு யூனிட் மின்சாரத்தை உற்பத்தி செய்கையில் சராசரியாக 0.7 கிலோ அளவில் கரியமில வாயு வெளிப்படுகிறது. எனவே 1 கிலோ ஆர்-32 வானில் கலப்பது, ஏறத்தாழ 1,000 யூனிட் மின்சாரத்தைச் செலவிட்டதற்கு ஒப்பான தீமையை விளைவிக்கிறது. ஆண்டுதோறும் கேஸ் ஏற்றும் வீடு, நட்சத்திரக் குறியால் மிச்சப்படுத்தியதை இவ்வாறு இழந்துவிடக்கூடும்.

எச்சரிக்கைகள்

ஆர்-32 மெதுவாக எரியும் தன்மையுள்ளது. சில கருவிகளில் பயன்படும் ஆர்-290 என்பது தூய புரொப்பேன், எளிதில் தீப்பற்றுவது. இவை உள்ள கருவியில் வேலை நடைபெறும்போது கதவு ஜன்னல்களைத் திறந்துவைத்தல், விளக்குச் சுடரையும் பீடி சிகரெட்டையும் விலக்குதல், குழாயில் வாயு எஞ்சியிருக்கையில் பற்றவைப்புச் சுடரை மூட்டாதிருத்தல் ஆகியவை கட்டாயமாகும். பழைய ஆர்-22 கருவியில் மலிவு கருதி எரியும் வாயுவை ஏற்றுதல் கூடாது. அக்கருவி அதற்கென அமைக்கப்பட்டதன்று. ஆர்-32, ஆர்-410ஏ ஆகியவற்றின் அழுத்தம் ஆர்-22-ஐவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு அதிகம் என்பதால், பழைய மானிகளும் குழல்களும் அவற்றுக்குப் பொருந்தா.

கசிவுச் சோதனைக்கு நைட்ரஜனுக்குப் பதிலாக ஆக்ஸிஜனை ஒருபோதும் பயன்படுத்தலாகாது. அழுத்தமுள்ள ஆக்ஸிஜன் எண்ணெயுடன் சேர்ந்தால் வெடிக்கும்.

கருவி செம்மை, அறை பாரம்

அளந்து பார்த்ததில் கருவி செம்மை என்று தெரிந்தும் அறை குளிரவில்லையெனில், உள்ளே வரும் வெப்பம் கருவியின் திறனை மிஞ்சுகிறது. மேற்கு நோக்கிய ஜன்னலின் வெறுங்கண்ணாடி வழியே மாலை வெயிலில் சதுர மீட்டருக்கு 500 வாட்டுக்கு மேல் வெப்பம் நுழையக்கூடும். 2 சதுர மீட்டர் ஜன்னல் கால் டன்னுக்கு மேல் விழுங்கிவிடும். ஒருவர் அமர்ந்திருந்தால் அவர் உடலிலிருந்து ஏறத்தாழ 100 வாட் வெளிப்படும். மேல்மாடியில் வெயிலேறிய கான்கிரீட் கூரையின் மேற்பரப்பு 60 டிகிரியை எட்டுவதுண்டு; பகலில் ஏற்ற வெப்பத்தை அது இரவு முழுவதும் அறைக்குள் இறக்குகிறது. ஜன்னலுக்கு வெளிப்புறத்தில் தட்டியோ பந்தலோ அமைத்தல், கூரைக்கு வெண்சுண்ணம் அடித்தல், கதவின் அடி இடைவெளியை அடைத்தல் ஆகியவை சிறு செலவில் பெரும்பயன் தருவன. உட்புறத்துத் திரை வெப்பம் நுழைந்த பின்னரே தடுக்கிறது. வெளிப்புறத்து நிழல் நுழையுமுன் தடுக்கிறது.

கள ஊழியருக்கும் ஆசிரியருக்கும்

கள ஊழியர்கள் மக்களிடம் வற்புறுத்தத் தக்கவை நான்கு கேள்விகள். கேஸ் ஏற்ற வேண்டும் என்று கூறும் பழுது பார்ப்பவரிடம் இவற்றை மரியாதையாகக் கேட்கலாம்: கசிவு எந்த இடத்தில் உள்ளது? அது எவ்வாறு அடைக்கப்படும்? வெற்றிடப் பம்பு கொண்டுவரப்பட்டுள்ளதா? எத்தனை கிராம் வாயு தராசில் எடையிட்டு ஏற்றப்படும்? பயிற்சி பெற்ற தொழிலாளர் இவற்றுக்குத் தயங்காது விடையளிப்பர். முறையாகச் செய்யும் வேலைக்கு நேரமும் கூலியும் சற்று அதிகமாதல் நியாயமே என்பதையும் வீட்டாருக்கு எடுத்துரைத்தல் வேண்டும். 2019-ஆம் ஆண்டில் வெளியான இந்தியக் குளிர்விப்புச் செயல் திட்டம், ஒரு லட்சம் பழுது பார்க்கும் தொழிலாளருக்குப் பயிற்சியும் சான்றும் அளிப்பதை ஓர் இலக்காக வைத்தது. தொழிற் பயிற்சி நிலையங்களிலும் குளிர்பதனத் தொழில் ஒரு தனிப் பாடமாகக் கற்பிக்கப்படுகிறது.

ஆசிரியர்களுக்கு இக்கருவி பௌதிக பாடத்தின் உயிருள்ள விளக்கம். ஸ்பிரிட் தோய்த்த பஞ்சை உஷ்ணமானியின் குமிழில் சுற்றி விசிறினால் உட்சுருளின் செயல் விளங்கும். சைக்கிள் பம்பின் வாயை விரலால் மூடி அழுத்தினால் அதன் அடிப்பகுதி சூடேறுவது கம்ப்ரெஸரின் செயலைக் காட்டும். வாளியில் வடிந்த நீரை அளந்து, அதிலிருந்து வெப்பத்தைக் கணக்கிடுதல் மாணவருக்கு நல்ல பயிற்சி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பு மருந்துகளை 2 முதல் 8 டிகிரிக்குள் காக்கும் பெட்டியும் இதே விதிகளால் இயங்குவதைச் சுட்டிக்காட்டலாம். தூசி படிந்த சுருளும் காற்றோட்டமற்ற மூலையும் அங்கும் அதே தீங்கைச் செய்யும்.

குளிர்சாதனம் குளிராதபோது ஆராய வேண்டிய வரிசை நீண்டதன்று: ரிமோட்டின் நிலை, வடிகட்டி வலை, உட்சுருள், வெளிப்பெட்டி, மின்சாரம், பின்னர் வாயு. முதலிலுள்ளவற்றை வீட்டாரே செய்து முடிக்கலாம்; பிந்தியவற்றுக்குப் பயின்ற கை வேண்டும். கோடை தொடங்குமுன் ஒரு விடுமுறை நாளில் வலையைக் கழுவி, வெளிப்பெட்டியைச் சுற்றியுள்ள இடத்தை ஒழித்து, இரண்டு உஷ்ணமானிகளால் ஒருமுறை அளந்து, அவ்வளவைத் தேதியுடன் குறித்து வைத்தால், பின்னர் குறை நேரும்போது ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு அக்குறிப்பு பெரிதும் உதவும்.